டிரெட்மில்லில் ஒட்டியிருக்கும் நாடித்துடிப்பு அட்டவணையை நம்பலாமா?

கடலோரன் | சாட்ஸ்வொர்த், டர்பன் | திங்கள், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 54 வயது. அப்பா 51 வயதில் மாரடைப்பில் போய்விட்டார், பெரியப்பா 56இல். இளவயதில் மாரடைப்பு கண்ட ஒருவராவது இல்லாத இந்தியக் குடும்பத்தை எங்கள் வட்டாரத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. மாத்திரை எதுவும் இல்லை. தினமும் நடக்கச் சொன்னார் மருத்துவர். வேலை முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் தெருவில் தனியாக நடக்க மனைவி சம்மதிப்பதில்லை. ஆகவே ஒருவர் பயன்படுத்திய டிரெட்மில்லை 4,500 ராண்டுக்கு வாங்கிக் கார் கொட்டகையில் போட்டிருக்கிறேன்.

அதன் திரைக்குக் கீழே ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறது. 55 வயதுக்கு நேரே, கொழுப்பு கரைய 99, இதயம் வலுப்பட 132 என்று இரண்டு எண்கள். நான் 132ஐப் பிடித்துக்கொண்டேன். மூன்று வாரமாக ஒருநாள் விடாமல் 40 நிமிடம். துடிப்பு 132க்குக் கீழே இறங்கினால் வேகத்தைக் கூட்டிவிடுவேன். முடித்ததும் கொட்டகைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். காலையில் எழும்போது கால் கனக்கிறது. ஆரம்பத்தில் படுக்கையில் 74 இருந்த துடிப்பு இப்போது 81. உடம்பு தேறினால் குறையத்தானே வேண்டும்? எங்கே தவறு செய்கிறேன்?

மேட்டுநிலத்தான் | லெனேசியா | திங்கள், இரவு 9.15

அண்ணா, காலைத் துடிப்பு மூன்று வாரத்தில் 7 ஏறியிருக்கிறது என்றால் உடம்புக்கு ஓய்வு போதவில்லை என்றே நினைக்கிறேன். காய்ச்சல், தூக்கக் குறைவு ஏதாவது இருந்ததா என்றும் பாருங்கள். முதலில் இரண்டு நாள் நிறுத்துங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இருக்கும் ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டர்பனில் அக்கா வீட்டு டிரெட்மில்லில் மணிக்கு 5.5 கிலோமீட்டர் நடந்தால் எனக்கு 112. இங்கே அதே வேகத்தில் 120 தாண்டுகிறது. காற்றில் உயிர்வாயு அழுத்தம் குறைவு, அதை இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. ஒரே ஆள், ஒரே வேகம், இரண்டு ஊர், இரண்டு எண். அட்டவணைக்கு இதெல்லாம் தெரியாது.

மராத்தான் மாறன் | வெருலம் | திங்கள், இரவு 10.02

132 ஒன்றும் பெரிய எண் இல்லை ஐயா. எனக்கு 49 வயது. டிரெட்மில்லில் நிதானமாக ஓடும்போதே கடிகாரம் 165 காட்டுகிறது. பல ஆண்டுகளாக இப்படித்தான். கம்ரேட்ஸ் ஓட்டத்தை நான்கு முறை முடித்திருக்கிறேன். 1921இல் தொடங்கிய ஓட்டம். டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். உடம்பைப் பழக்கினால் பழகும். பயப்படாமல் தொடருங்கள்.

பழைய செவிலி | பீட்டர்மரிட்ஸ்பர்க் | செவ்வாய், காலை 6.30

தம்பி கடலோரன், தொடராதீர்கள். மேட்டுநிலத்தான் சொன்னபடி இரண்டு நாள் ஓய்வெடுங்கள். பிறகு உங்கள் மருத்துவரிடம் அப்பாவின் வயதையும் பெரியப்பாவின் வயதையும் சொல்லி, ஈ.சி.ஜி., கொழுப்புப் பரிசோதனை, தேவைப்பட்டால் டிரெட்மில் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். உங்கள் குடும்பக் கதையோடு மூன்று வாரம் தினமும் 132 வைத்திருந்தீர்கள் என்பதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நான் ஓர் இதயப் பிரிவில் அந்தப் பரிசோதனை அறையில் பல ஆண்டுகள் இருந்தவள். ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறைதான் எங்களுடையது. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். அங்கே தொடங்கி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் கூடும். மார்பில் ஒட்டிய கம்பிகள், கையில் ரத்த அழுத்தப் பட்டை, பக்கத்தில் மருத்துவர். ஒரே காலையில் 60 வயதுக்காரர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் 138இல் மூச்சு முட்டி நிறுத்தச் சொன்னார். அடுத்தவர் 171 போன பிறகும் பேரனின் படிப்பைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். 220இல் வயதைக் கழித்தால் இருவருக்கும் 160. இருவருக்குமே அது பொருந்தவில்லை.

அந்த 220 கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1971இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கல் என்ற மூவர், அதற்கு முன் வந்திருந்த சில ஆய்வுகளின் புள்ளிகளுக்கு நடுவே கண்ணளவாக இழுத்த கோடு அது. தனி ஆளுக்கு 10, 12 துடிப்பு இப்படியோ அப்படியோ விலகுவது சாதாரணம். சிலருக்கு 20கூட விலகும். 2001இல் தனாக்காவும் உடன் ஆய்ந்தவர்களும் நிறைய பேரின் அளவுகளைத் திரட்டி, வயதை 0.7ஆல் பெருக்கி 208இல் கழிக்கச் சொன்னார்கள். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு இது கொஞ்சம் நெருங்கி வரும். ஆனால் இதுவும் சராசரிதான்.

உங்களுக்குப் போட்டுப் பார்ப்போம். 54 × 0.7 = 37.8. 208இல் கழித்தால் 170. இனி ஓய்வுத் துடிப்பைச் சேர்க்க வேண்டும். அதைத்தான் அட்டவணைகள் விட்டுவிடுகின்றன. ஃபின்லாந்தின் கார்வொனென் 1957இல் காட்டிய வழி இது. உச்சத்தில் ஓய்வுத் துடிப்பைக் கழியுங்கள்: 170 – 74 = 96. இந்த 96தான் உங்கள் கையிருப்பு. மிதமான உழைப்பு என்பது கையிருப்பில் 40 முதல் 59 சதவீதம். 96இல் 40 சதவீதம் 38. அதோடு 74 சேர்த்தால் 112. 59 சதவீதம் என்றால் 131. ஆக உங்கள் மிதமான நடை 112க்கும் 131க்கும் நடுவே இருக்கிறது. நீங்கள் 132ஐத் தரையாக வைத்துக்கொண்டீர்கள். அதற்கு மேலே கடின உழைப்பு தொடங்குகிறது. பழகாத உடம்பை மூன்று வாரமாக ஒருநாள் விடாமல் கடின உழைப்பில் வைத்திருந்திருக்கிறீர்கள். கால் கனக்காமல் என்ன செய்யும்?

மருத்துவர் சம்மதித்த பிறகு 105, 110 என்று தொடங்குங்கள். முதல் 8 நிமிடம் மெதுநடை, கடைசி 8 நிமிடமும் மெதுநடை. கடைசி நிமிடங்களை யாரும் வெட்டாதீர்கள். உழைக்கும் கால்தசைதான் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி அழுத்தம் இறங்கும், தலை சுற்றும். நீங்கள் படியில் உட்கார்ந்துவிடுவதாக எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

மல்லிகை | ஃபீனிக்ஸ் | செவ்வாய், காலை 9.50

அக்கா, மிகவும் நன்றி. எனக்கு 46 வயது. பெண்களுக்கு வேறு கணக்கு உண்டு என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

என் டிரெட்மில் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். மின்வெட்டு அடிக்கடி வந்துகொண்டிருந்த நாட்களில் ஒருநாள், அட்டவணையில் எங்கள் பகுதிக்கு இரவு 8 மணி என்று போட்டிருந்தார்கள். 7.50க்கு இறங்கிவிடலாம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். மின்சாரம் 7.46க்கே போய்விட்டது. பெல்ட் நின்றது, என் உடம்பு நிற்கவில்லை. கும்மிருட்டில் நெஞ்சு போய் முன்கம்பியில் மோதியது. இரண்டு வாரம் இருமக்கூட முடியவில்லை. அன்றிலிருந்து ஓட்டம் கிடையாது; சாய்வைக் கூட்டி நடைதான். பக்கத்திலேயே பேட்டரி விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருக்கும். பாதுகாப்புச் சாவியைச் சட்டையில் மாட்டாமல் ஏறுவதில்லை. முடித்ததும் அதைக் கழற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவேன். வீட்டில் 3 வயதுக் குழந்தை இருக்கிறது. ஓடும் பெல்ட்டின் பின்பக்கம் குழந்தையின் விரல் போனால் தோல் உரிந்துவிடும்.

பழைய செவிலி | பீட்டர்மரிட்ஸ்பர்க் | செவ்வாய், பகல் 12.15

உண்மைதான் மல்லிகை. 2010இல் மார்த்தா குலாட்டியும் உடன் ஆய்ந்தவர்களும் பெண்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டார்கள்: வயதை 0.88ஆல் பெருக்கி 206இல் கழிப்பது. உங்களுக்கு ஏறத்தாழ 166 வரும். பழைய கணக்கில் 174. எட்டுத் துடிப்பு வித்தியாசம். எட்டாத எண்ணைத் துரத்தி, தன் உடம்புதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

சாய்வைக் கூட்டி நடப்பது மிக நல்ல வழி. வேகம் கூடாமலேயே துடிப்பு ஏறும், மூட்டுக்கும் இடி குறைவு. ஆனால் கைப்பிடியைப் பிடித்துத் தொங்காதீர்கள். உடம்பின் கனத்தைக் கை வாங்கிக்கொண்டால் ஏற்றம் வீணாகிவிடும். தடுமாறினால் பிடியுங்கள். பிடிக்காமல் நடக்கவே முடியவில்லை என்றால் சாய்வு அதிகம் என்று பொருள்.

கரும்புக்காடு | டோங்காட் | செவ்வாய், இரவு 7.30

இந்த இழையை இன்று பார்த்தது என் நல்ல காலம். அப்பாவுக்கு 67 வயது. ரத்த அழுத்தத்துக்கு பைசோப்ரொலால் சாப்பிடுகிறார். சர்க்கரைக்கு கிளிக்லசைடு. பொங்கலுக்கு அவருக்கு டிரெட்மில் வாங்கிக் கொடுத்தேன். அவர் வயதுக்கு அட்டவணையில் 122 என்று இருக்கிறது. எவ்வளவு நடந்தாலும் கடிகாரத்தில் 94, 96க்கு மேல் போகவில்லை. "எண் வரவில்லை, எண் வரவில்லை" என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை நான் உள்ளே போனபோது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெல்ட் நின்றிருந்தது. முகம் வெளுத்து, பனியன் பிழியும் அளவுக்கு வியர்வை. திரையில் அப்போதும் 98 மின்னிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். "ஒன்றுமில்லை, வயசு" என்கிறார். மருத்துவரிடம் வரமாட்டேன் என்கிறார்.

பழைய செவிலி | பீட்டர்மரிட்ஸ்பர்க் | செவ்வாய், இரவு 7.48

தம்பி, நாளைக் காலை அவரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதுவரை டிரெட்மில் மின்கம்பியைப் பிடுங்கி வையுங்கள். இன்று இரவே மார்பில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ இறங்கும் வலி, மூச்சுத் திணறல், மீண்டும் அந்த வியர்வை, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸ் 10177, கைப்பேசியிலிருந்து 112.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். பைசோப்ரொலால், அட்டெனலால், கார்வெடிலால் எல்லாம் பீட்டா தடுப்பி வகை. இதயத்தை விரட்டும் அட்ரினலினின் கையைப் பிடித்து நிறுத்துவதே அவற்றின் வேலை. ஓய்விலும் துடிப்பு குறையும், உழைப்பிலும் ஏறாது. வெராபமில், டில்டியாசெம் என்ற மருந்துகளும் துடிப்பைக் குறைக்கும். அப்பா எண்ணை எட்ட முடியாமல் போனது வயதால் இல்லை. மாத்திரை தன் வேலையைச் சரியாகச் செய்தது. அந்தத் தடுப்பை மீறி 122ஐத் துரத்துவது, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு மேட்டில் வண்டியை முறுக்குவது போல.

அடுத்தது இன்னும் முக்கியம். கிளிக்லசைடு சர்க்கரையை இறக்கக்கூடிய மாத்திரை. சர்க்கரை இறங்கினால் படபடப்பு, நடுக்கம், வியர்வை வரும். பீட்டா தடுப்பி சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் படபடப்பு அடங்கிவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை நடந்தது சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். எது என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. அடுத்தமுறை இப்படி நடந்தால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள்.

மாத்திரையால்தான் இப்படி என்று அப்பா தானாக பைசோப்ரொலாலை நிறுத்திவிடப் போகிறார். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். திடீரென்று விட்டால் இதயம் கட்டவிழ்ந்து ஓடும். அதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் உண்டு.

கரும்புக்காடு | டோங்காட் | புதன், மாலை 4.20

போய் வந்தோம் அக்கா. அப்பாவுக்குப் பயம் வந்ததே உங்கள் எழுத்தை வாசித்துக் காட்டிய பிறகுதான். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதும் விசாரித்தபோது தெரிந்தது. ஆனாலும் டிரெட்மில் பரிசோதனை முடியும் வரை வேக நடை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எண்ணே பார்க்கக் கூடாது என்றால் இவருடைய நடையை எதை வைத்து அளப்பது?

பழைய செவிலி | பீட்டர்மரிட்ஸ்பர்க் | புதன், மாலை 5.05

பேச்சை வைத்து அளக்கலாம். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான நடை. மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். எங்கள் அறையில் நான் நோயாளிகளைத் திருப்புகழ் வரி ஒன்றைச் சொல்லச் சொல்வேன். ஒரு வரி தங்குதடையின்றி வந்தால் அடுத்த கட்டம். உடைந்தால் என் கண் மருத்துவரைப் பார்க்கும்.

ஸ்வீடனின் குன்னர் போர்க் வகுத்த அளவுகோலும் இருக்கிறது. 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இனி முடியாது. தன் உழைப்பு எவ்வளவு என்று அவரே எண் சொல்ல வேண்டும். 11 இலகு, 13 கொஞ்சம் கடினம். மருத்துவர் அனுமதித்த பிறகு அப்பா 11க்கும் 13க்கும் நடுவே இருந்தால் போதும். இதய நோயாளிகளின் மறுவாழ்வுப் பயிற்சிகளில் பீட்டா தடுப்பி சாப்பிடுகிறவர்களுக்கு இதைத்தான் நம்புகிறார்கள்.

நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் நடக்கும் முன் சர்க்கரை பார்க்க வேண்டும். 5 மில்லிமோலுக்குக் (மில்லிகிராம் கணக்கில் 90க்குக்) கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறட்டும். திரைக்குப் பக்கத்திலேயே குளுக்கோஸ் இருக்கட்டும். தினமும் காலணி கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். நீரிழிவால் பாத உணர்வு மங்கியிருந்தால் கொப்புளம் வந்தாலும் அவருக்கு வலிக்காமல் போகலாம்.

மல்லிகை | ஃபீனிக்ஸ் | புதன், இரவு 8.10

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் நடக்கலாமா அக்கா? நான் ஒருவேளை மட்டும் சாப்பிடுவேன். சர்க்கரைக்கு எனக்கு மெட்ஃபார்மின் மட்டும்தான்.

பழைய செவிலி | பீட்டர்மரிட்ஸ்பர்க் | புதன், இரவு 8.40

மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தாக இறக்குவது அரிது. சாப்பிட்ட பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து 20 நிமிடம் மெதுநடை போதும். காவடி வருவது தென்னாப்பிரிக்காவின் உச்ச வெயில் காலத்தில் என்பதை மறக்காதீர்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். விரதம் இருப்பவர் இன்சுலினோ கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுத்தால், விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மராத்தான் மாறன் | வெருலம் | வெள்ளி, காலை 5.55

கடலோரன் ஐயாவிடம் திங்களன்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 165 என்று எழுதியது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. நண்பரின் மார்புப் பட்டையை வாங்கி, நேற்று இரவு அதையும் கைக்கடிகாரத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு டிரெட்மில்லில் ஓடினேன். மார்புப் பட்டையில் 138. கடிகாரத்தில் 165. என் காலடியை எண்ணிப் பார்த்தேன்: நிமிடத்துக்கு 165. கடிகாரம் இத்தனை நாளும் துடிப்புக்குப் பதிலாக என் அடியை எண்ணியிருக்கிறது. தோலுக்கு அடியில் ரத்தம் ஏறி இறங்குவதைப் பச்சை விளக்கால் பார்ப்பதுதான் அதன் வேலை. கை ஆடும் தாளம் அதைக் குழப்பிவிடுகிறது. மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே வாங்குகிறது.

கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டினேன். 141 காட்டியது. சந்தேகம் வந்தால் இறங்கி நின்று, கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்கிக்கொள்ளலாம். கம்ரேட்ஸ் பயிற்சியிலும் என் வாரத்தின் பெரும்பகுதி பேசிக்கொண்டே ஓடும் ஓட்டம்தான். கடின ஓட்டம் வாரத்துக்கு ஒருநாள், மிஞ்சினால் இரண்டு.

கடலோரன் | சாட்ஸ்வொர்த், டர்பன் | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு காலை

கடன்பட்டவனாக எழுதுகிறேன். ஈ.சி.ஜி.யும் டிரெட்மில் பரிசோதனையும் ஆயின. பரிசோதனையில் என் துடிப்பு 176 வரை போனது. எந்தக் கணக்கும் அதைச் சொல்லவில்லை. நடக்கலாம் என்று எழுதியே கொடுத்தார்கள். கொழுப்புக்கு மட்டும் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள்.

இப்போது வாரம் ஐந்து நாள், 35 நிமிடம், 110 முதல் 125 வரை. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன 150 நிமிடத்தைத் தாண்டிவிட்டேன். ஒரு புதிரும் அவிழ்ந்தது. தகரக் கூரைக் கொட்டகையில் 5.4 வேகத்தில் 10ஆவது நிமிடம் 116. அதே வேகத்தில் 30ஆவது நிமிடம் 130. வேர்வையில் நீர் குறைந்து, ரத்தம் தோலுக்கு ஓடுவதால் இதயம் கூடுதலாக அடிக்கிறது என்று அக்கா தனிமடலில் விளக்கினார். டிரெட்மில்லில் எதிர்க்காற்றும் கிடையாதே. பெரிய மின்விசிறியை முன்னால் வைத்தேன், கொட்டகைக் கதவைத் திறந்தேன். 30ஆவது நிமிடம் 121இல் நின்றது. அதற்கு மேல் ஏறினால் வேகத்தை 5.0க்குக் குறைக்கிறேன்.

வேக நடையை நிறுத்தி மெதுநடைக்கு வந்த முதல் நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்றும் குறித்து வருகிறேன். முதல் வாரம் 14, நேற்று 23. காலைத் துடிப்பு 69. கால் கனம் போய்விட்டது.

பழைய செவிலி | பீட்டர்மரிட்ஸ்பர்க் | அன்று பகல்

அந்த 23ஐப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது தம்பி. முதல் நிமிட இறக்கம் 12ஐத் தாண்டாதவர்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று 1999இலேயே சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் ஒருநாள் மட்டும் இரண்டு நிமிடம் 140 வரை போய் இறங்குங்கள், நான்கு தடவை. மற்ற நாட்கள் இப்படியே இருக்கட்டும்.

கரும்புக்காடு, அப்பாவின் பரிசோதனை என்ன ஆயிற்று?

கரும்புக்காடு | டோங்காட் | அன்று மாலை

நாளை மறுநாள் காலை 9 மணிக்கு அக்கா. வரிசை நீளம், இவ்வளவு நாள் ஆகிவிட்டது. அதுவரை முற்றத்தில் மெதுவாக நடக்கிறார். பேச்சுக் கணக்குக்காக அம்மாவும் கூடவே நடக்கிறார். 40 வருடத்தில் இவ்வளவு பேசியதில்லை என்கிறார்.

பழைய செவிலி | பீட்டர்மரிட்ஸ்பர்க் | அன்று இரவு

பரிசோதனையன்று காலை பைசோப்ரொலாலும் கிளிக்லசைடும் போடலாமா, எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் என்று நாளையே தொலைபேசியில் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையும் பழகிய காலணியும் போட்டு அனுப்புங்கள். முன்பு அந்த ஞாயிற்றுக்கிழமை டிரெட்மில்லில் நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். அவர் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்.